மேற்கு வரிசை, முகப்பில் அடுப்பு

3 ஜூலை 2023, திங்கள்

மலைவாசல் பூங்காவின் மேலாளர் தங்கதுரை இன்று வரைபடத்தை விரித்துக் காட்டினார். வடக்கனந்தலைத் தாண்டி அடிவாரத்தில், நிஜமான கல்வராயன் மலைக்கு முன்னால் சிமென்டில் ஒரு மலை கட்டி, மோட்டார் போட்டு அருவி விடுகிறார்கள். மலை பார்க்க வருகிறவர்களுக்கு மலையே மறைக்கும்.

அதன் பக்கத்தில் ‘சுவை வீதி’. எதிரெதிரே இரண்டு வரிசைச் சாப்பாட்டுக் கடைகள். கிழக்கு வரிசையில் முதல் கடை என் பிரியாணிக்கு. வாயிலில் நுழைந்து பசியோடு வருகிறவன் முதலில் என்னைத்தான் பார்ப்பான்.

பஸ் ஸ்டாண்டு ரோட்டுக் கடையை ஆடி முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். கட்டடத்தை இடிக்கிறார்கள். எனக்கும், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட சைவ மெஸ் கண்ணாயிரத்துக்கும் ஒரே நாளில் சொன்னார்கள். இத்தனை வருடமும் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நான் ஷட்டரை இறக்கினால் என் கூட்டம் அவர் இலையில் போய் உட்காரும். அவரும் மேற்கு வரிசையில் ஒரு கடை வாங்கியிருக்கிறார்.

இது ஓடவில்லை என்றால் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். இன்னொரு இடம் தேட எனக்கு வயதில்லை.

ஆசைகள்: கண்ணாடிக் கதவு. சாய்ந்து உட்கார மெத்தை. சமையல் கண்ணில் படாமல் பின்னால். ஒரு பெரிய ஜன்னல், அதில் மலை. கிழக்கு வரிசையில் ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம்தான் தெரியும். பரவாயில்லை, வண்டிகளையும் சிலர் ரசிக்கிறார்கள்.

9 ஜூலை, ஞாயிறு

கடைக்காரர்கள் கூட்டம். சென்னையிலிருந்து வந்த டிசைனர் எல்லாக் கடைக்கும் சமையலறையைப் பின்பக்கம் வைத்திருக்கிறான். திட்டம் போட்டுக் கட்டிய ஹரப்பா நகரத்தில் யாரும் எழுந்து நின்று மூலை கேட்டதாக நான் படித்ததில்லை. இங்கே எல்லோரும் கேட்டார்கள். அடுப்பு தென்கிழக்கில், அக்னி மூலையில்தான் இருக்க வேண்டுமாம். கிழக்கு வரிசைக்குத் தென்கிழக்கு பின்னால் வருகிறது, சிக்கலில்லை. மேற்கு வரிசைக்கு அது வாசலருகே வருகிறது. முகப்பில் அடுப்பை வைத்தால் உள்ளே வருகிறவன் வெந்துவிடுவான்.

“எங்க வெச்சாலும் கேஸ் எரியும் சார்” என்றான் டிசைனர். ஒருவரும் சிரிக்கவில்லை.

“எரியும். வெளங்குமா?” என்றார் கண்ணாயிரம். பிறகு என் பக்கம் குனிந்து, “ஏன் பாய், ஒனக்கு இந்த மூல கீல ஒண்ணும் கெடையாது இல்ல?”

இல்லை என்றேன். எனக்கு மூலைகளில் நம்பிக்கை இல்லை. மனிதர்களிலும் குறைந்து வருகிறது.

12 ஜூலை, புதன்

எதற்காகக் கேட்டார்?

20 ஜூலை, வியாழன்

இதற்காகத்தான். புது வரைபடத்தில் என் பெயர் மேற்கு வரிசையில் இருக்கிறது. முகப்பில் அடுப்பு. கிழக்கு வரிசை முதல் கடையில் கண்ணாயிரம்.

“அண்ணன்தான் கேட்டாருங்க. பாய் ஒண்ணும் சொல்லமாட்டாருன்னாரு. அவருக்கு மூல அமைஞ்சிடுது, ஒங்களுக்குதான் அதெல்லாம் இல்லியாமே” என்றார் தங்கதுரை.

பானிபட்டில் பாபர் பக்கவாட்டில் வந்தார் என்று படித்திருக்கிறேன். குறைந்தபட்சம் அவர் முன்கூட்டியே வந்து எதிராளியிடம் மூலை பற்றி விசாரிக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். “போனா போவுது, வுடுங்களேன்” என்றாள் என் மனைவி ஷாஜாதி. புதினாக் கட்டுக்குச் சந்தையில் கால் மணி நேரம் வாதாடுகிறவள். இதையும் குறித்து வைக்கிறேன்.

22 ஜூலை, சனி

கண்ணாயிரம் சுவரைத் தட்டிக் கூப்பிட்டார்.

“எடம் பாத்தியா பாய்? புட்ச்சிருக்கா?”

“ஜோரா இருக்குது” என்றேன்.

“உள்ள போய்ப் பாரு மொதல்ல.”

சிரிக்கிறார். பறிகொடுத்தவனிடமே வந்து நலம் விசாரிக்கிற மரியாதை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உள்ளே போய் என்ன பார்ப்பது? நான் போகவில்லை.

1 ஆகஸ்ட், செவ்வாய்

பொதுநலன் கருதித் தங்கதுரையிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். முதல் கடையில் அப்பளம் பொரித்தால், புகை நேராக நுழைவாயிலில் போட்டோ எடுக்கிறவர்கள் மேல் போகும். குழந்தைகள் இருமும். அவ்வளவுதான் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. முதல் கடையில் யார் இருக்கிறார் என்பது வரைபடத்திலேயே இருக்கிறது.

“பாய் சொன்னா சரியா இருக்கும்” என்றார்.

நன்றாகத் தூங்கினேன்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

கண்ணாயிரத்தைக் கிழக்கு வரிசையின் கோடிக்கு, ராட்டினத்துக்குப் பின்னால், தள்ளிவிட்டார்கள். முதல் கடை ஐஸ்கிரீமுக்கு. ஐஸ்கிரீமுக்கு அடுப்பு இல்லை, ஆகவே மூலையும் இல்லை.

“எவனோ போட்டுக் குட்த்துட்டான் பாய். ராட்டினம் சுத்தறவனுக்குச் சோறு எறங்குமா?” என்றார். “நீ கொஞ்சம் விசாரிச்சிப் பாரேன். ஒனக்குத்தான் ஆளுங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிடுமே.”

விசாரிக்கிறேன் என்றேன்.

16 ஆகஸ்ட், புதன்

பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு ஷாஜாதியும் நானும் போனோம். முகப்பு அடுப்பைத் திரும்பியும் பார்க்காமல் அவள் உள்ளே நடந்தாள். நான் பின்னால் போனேன்.

பின்சுவரில் பாதி இல்லை. அவ்வளவு பெரிய ஜன்னல். அதில் மலை. சிமென்டு இல்லாத முழு மலை, வெள்ளிமலைக்கு ஏறுகிற பஸ் ஒரு வளைவில் தெரிந்து அடுத்த வளைவில் மறைகிறது.

“இத யாரு வெக்கச் சொன்னது?”

“கண்ணாயிரம் அண்ணன்தான். பாய்க்கு என்னா ஆசன்னு என்னாண்ட கேட்டாரு. ஜன்னலு, அதுல மலைன்னேன். அப்ப என் கட பாய்க்குத்தான், சமையல முன்னாடி தள்ளிட்டா பின்னாடி பூரா ஜன்னல் வெக்கலாம்னாரு. அவருக்கு மூல, ஒங்களுக்கு ஜன்னலு.”

“என்னாண்ட ஏன் சொல்லல?”

“சொன்னா பாய் சந்தேகப்படும், வேணான்னுடும், அதுவே உள்ள போய்ப் பாக்கட்டும்னாரு. நானும் நீங்க பாத்துட்டு வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “இன்னா பண்ணீங்க?”

வண்டியில் இன்னும் பாத்திரம் இருக்கிறது என்றேன்.

27 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி வளர்பிறை ஞாயிறு. திறப்பு விழா. வாசலில் அண்டாவை வைத்துத் தம் உடைத்தேன். வாசனை வீதியின் இரு முனைக்கும் போயிற்று, கூட்டம் வந்தது. பிரியாணிக் கடைக்கு அண்டாதான் முகப்பு. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் இத்தனை வருடம் அப்படித்தானே செய்தேன்? கண்ணாடிக் கதவு ஆசையில் என் தொழிலையே மறந்திருக்கிறேன்.

சாயங்காலம் ராட்டினத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கண்ணாயிரம் போட்ட இலைகள் போட்டபடியே காய்ந்து சுருண்டிருந்தன. சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். சாம்பார் அதே சாம்பார்தான்.

28 ஆகஸ்ட், திங்கள்

தங்கதுரையிடம் போனேன். புகை பற்றி நான் சொன்னது தவறு, காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை என்றேன். “ஐஸ்கிரீம் பொட்டியெல்லாம் எறக்கியாச்சுங்களே” என்றார்.

கண்ணாயிரத்திடம் சொல்ல வேண்டும். இன்று சொல்லவில்லை.

1 செப்டம்பர், வெள்ளி

ஜும்மாவுக்கு ஷட்டரை இறக்கினேன். என் கூட்டம் வழக்கப்படி பக்கத்தில் தேடியது. பக்கத்தில் பாப்கார்ன்தான் இருந்தது. கலைந்துவிட்டது.

கண்ணாயிரத்திடம் இன்றும் சொல்லவில்லை.

8 செப்டம்பர், வெள்ளி

கள்ளக்குறிச்சியில் பலகை எழுதி வாங்கி வந்தேன். ‘தொழுகை நேரம். சாப்பாட்டுக்குக் கண்ணாயிரம் மெஸ்.’ கீழே ஒரு அம்புக்குறி. அம்பு மட்டும் பெரிதாக வேண்டும் என்று ஓவியரிடம் சொல்லியிருந்தேன். எழுத்தைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறார். அது போதாதென்று ராட்டினம் வரை மூன்று இடத்தில் வெறும் அம்பு மாட்டினேன்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். இலைகள் நிறைந்திருந்தன. இரண்டு பேர் நின்றுகொண்டு காத்திருந்தார்கள். கண்ணாயிரம் கரண்டியோடு வெளியே வந்தார்.

“இன்னா பாய், என் வூட்டுக்கு நீ வழி காட்டிக்கினு இருக்கற?”

“வெள்ளிக்கிழமைதானே” என்றேன்.

“வெள்ளிக்கெழம சரி. தொழுகதான் முடிஞ்சிச்சே, பலக இன்னும் தொங்குதே.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தேகப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

“சாப்ட்டுட்டுப் போ. பேசணும்” என்றார்.

இலை போட்டார். உட்கார்ந்தேன்.