பல் பட்ட பொற்காசு

'அன்புள்ள' என்று எழுத இன்று கை வரவில்லை. உங்களுக்கு,

நீங்கள் ஏலம் பார்க்கக் கிளம்பிய பிறகு அதன் பட்டியல் தபாலில் வந்தது. மேஜையில் வைக்கப்போனவள் அட்டைப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். நம்முடைய பொற்காசு. உலகத்திலேயே நாலுதான் இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பீர்களே, அதேதான்.

அது காணாமல்போன அன்று, நம்மோடு தங்கியிருந்த என் தம்பியின் பெட்டியைக் கூடத்தில் கொட்டிக் கிளறினீர்கள். "அத்தான், நான் அதைக் கண்ணால கூடப் பாத்ததில்ல" என்றான். "திருடன வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு வெளியில என்னத்தத் தேடறது?" என்றீர்கள். அன்றைக்குப் போனவன் நம் வாசற்படி மிதிக்கவில்லை.

பட்டியலில் விற்பவர் பெயர் இல்லை. ஆனால் 'விளிம்பில் குழந்தையின் பல் பட்ட தடம்' என்று போட்டிருக்கிறது. பாப்பா அதைக் கடித்தது நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. காசின் குறையை மறைத்து விற்பது பாவம் என்பீர்கள். உங்கள் நேர்மை காசோடு நின்றுவிட்டது.

நல்ல விலைக்குப் போகட்டும். திரும்பி வந்தால் அழைப்பு மணியை அடியுங்கள், பூட்டை மாற்றியாகிவிட்டது. தம்பி வந்திருக்கிறான். புதுச் சாவி அவனிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா