ஏரிக் கணினியின் கொண்டியை ஒடித்தது குறித்து மருதந்துறை ஊரவைக்கு

நலம் பெருகுக. மலைமழை பொய்யாத குறுங்கானாட்டை ஆளும் மாமன்னர் ஆதன் வெள்ளேறனாரின் நீர்த்துறை அமைச்சனும், கருவிநூற் கடல் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவனுமாகிய தாயங்கீரன், மருதந்துறை ஊரவைப் பெருமக்களுக்கும் ஆற்றங்கரைக் குயவர் தெருவினர்க்கும் வணக்கத்துடன் விடுக்கும் ஓலை. உங்கள் வயல் விளைக. உங்கள் கரை உயர்க. இனி எந்த அமைச்சனாலும் உங்கள் வீட்டுக்குள் ஈரம் புகாதிருக்க.

ஐப்பசிப் பெருமழையன்று வெள்ளச் சங்கு ஏன் காலந்தாழ்த்தி ஒலித்தது என்றும், அதற்குக் காரணமானவர் யார் என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் கேள்விக்கு விடை எளிது: நான். முதல் கேள்விக்கு விடை சற்று நீளும்; பொறுத்தருள்க.

பேரேரியின் நீர்மட்டத்தைக் கணக்கிட்டு வெள்ளம் வருமுன் அறிவிக்கும் கணினி சில நாட்களாக ஆமைபோல் இயங்கியது. நினைவகம் கூட்டும் பெரிய ராம் பட்டை ஒன்றை மாட்டினால் விரைவு கூடும் என்று கேள்வியுற்று, அதை என் கையாலேயே செய்துவிடத் துணிந்தேன். அன்று காலையிலேயே வானம் கறுத்திருந்தது. ஏரிக்காவலர் அழிசியார் என் பின்னால் நின்று, "மழை விடட்டும் ஐயா, இப்பப் போயி பெட்டியத் தொறக்காதீங்க" என்றார். கையேடு முழுவதையும் கற்றவனுக்கு மழை ஒரு பொருட்டன்று என்று அவருக்கு விடை தந்தேன். நான் கற்றது அதிலிருந்த படங்களை மட்டுமே.

பெட்டியைத் திறந்து, மதர்போர்டிலிருந்த பழைய பட்டையைக் கழற்றினேன். அதே குழியில் புதியதை வைத்தேன், இறங்கவில்லை. பலம் போதவில்லை என்று கருதி, நாற்பது ஆண்டு அரசாங்க உணவு உண்டு வளர்த்த உடம்பை அதன்மேல் சாய்த்தேன். 'டக்' என்றது. பட்டை அமர்ந்துவிட்ட ஓசை அதுவென்று அழிசியாரிடம் பெருமிதத்தோடு விளக்கினேன். பட்டையைப் பற்றிப் பிடிக்கும் கொண்டி ஒடிந்து, தரையில் என் காலருகே கிடந்தது.

மின்னிணைப்புக் கொடுத்தபோது திரை இருண்டிருக்க, கணினி விட்டு விட்டுக் கூவியது. வணக்கம் சொல்கிறது என்றேன். அழிசியார் அளவுகோலை எடுத்துக்கொண்டு மழையில் கரைமேல் ஏறிவிட்டார். நானோ மலைக்குடியிருப்பிலிருந்து கருவி பழுதுபார்க்கும் எயினியம்மையை அழைத்துவர ஆளனுப்பிவிட்டு, அவர் வருமுன் குற்றத்தை மறைக்க எண்ணிப் பசைப்புட்டி தேடினேன்.

இதற்குள் நீர் ஏறிக்கொண்டிருந்தது. கணினி சொல்லாமல் சங்கு ஊதலாகாது என்பது நான் இட்ட விதி. கணினியோ என்னால் ஊமையாகிக் கிடந்தது. கரை விளிம்புக்கு இரு சாண் குறைவாக நீர் நின்றபோது, அழிசியார் என் விதியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தாமே சங்கை ஊதினார். வெள்ளம் புகுவதற்கு நான்கு நாழிகை முன்னதாக ஒலிக்கவேண்டியது ஒரு நாழிகை முன்னதாகவேனும் ஒலித்தது அவரால்தான். நீங்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து மேட்டுக்கு ஓடிய வேளையில், உங்கள் அமைச்சன் ஒட்டாத கொண்டியோடு ஒட்டிய விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

எயினியம்மை நனைந்தபடி உள்ளே வந்தார். "பசைய மூடி வைங்க மொதல்ல. உள்ள ஒழுகுனா போர்டே போயிரும்" என்று என் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கினார். பட்டையை எடுத்துப் பார்த்து, "திருப்பி வச்சு அமுக்கியிருக்கீங்க. கொண்டி என்ன பண்ணும் பாவம்?" என்றார். பின், பட்டையைச் சரியான பக்கம் திருப்பி, அருகிலேயே சும்மா இருந்த மற்றொரு குழியில் வைத்து, இரு கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். கொண்டிகள் தாமே மூடிக்கொண்டன, திரை ஒளிர்ந்தது. அப்படியொரு நல்ல குழி அங்கிருந்ததை நான் அதுவரை கண்டிலேன். கணினி காட்டிய முதற்செய்தி, மருதந்துறையில் வெள்ளம் புகுந்துவிட்டது என்பதே.

உயிர்ச்சேதம் இல்லை என்று கேட்டபின்பே மூச்சு வந்தது. ஆனால் குயவர் தெருவில் சூளைக்கு அடுக்கியிருந்த முந்நூறு பச்சைப் பானைகளும் மண்ணாய்க் கரைந்தன என்று அறிந்து வெட்கினேன். மாமன்னரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார், பிறகு சிரிக்காமல் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கமுடியவில்லை.

ஆகவே மன்னர் ஒப்புதலோடு ஆணையிடுவது: இனி அழிசியார் தம் கண் கண்டதே போதுமெனச் சங்கை ஊதுக. எயினியம்மையின் சொல்லின்றி எவரும் அக்கணினிப் பெட்டியைத் தொடற்க. எவரும் என்றதில் என்னை முதலில் எழுதிக்கொள்க. இவ்வோலையை ஊர்மன்றில் உரக்கப் படிக்க. மக்கள் சிரிக்குமிடத்தில் நிறுத்தி, அவர்கள் சிரித்து முடித்தபின் தொடர்க.

கார்த்திகை முதல் நாள் அடியேன் குயவர் தெருவுக்கு வருவேன். முந்நூறு பானைக்கும் மண் மிதித்துத் தருவேன். மிதிக்கும் வேலை மட்டுமே தருக. சக்கரத்தின் பக்கம் நான் வந்தால் என்னைக் கட்டிப்போட உங்களுக்கு முழு அதிகாரம் உண்டு. இதற்கு அரச முத்திரை சான்று.