விடை தெரிந்த கேள்வி

இன்று காலை உன் மகள் உன் நீள நோட்டை என் கையில் வைத்தாள். அட்டையில் இன்னும் உன் தலைவலித் தைல வாசனை.

"சந்தா முடியுது மாமா. மூணு கம்பெனிக்காரங்க வராங்க. எத வாங்கறதுன்னு நீங்களும் கூட ஒக்காருங்க" என்றாள். நீ போன பிறகு, செங்கல்பட்டில் உன் ஆபீஸ் அவளுடையது. வரிச் சட்டம், சுற்றறிக்கை, தீர்ப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தேடித் தரும் சேவை இல்லாமல் ஆடிட்டர் வேலை ஓடாது. சதுரங்கப்பட்டினத்தில் மீன்வலையும் கயிறும் விற்கிற எனக்கு அதில் என்ன தெரியும்? இதை நான் அன்றைக்கே என்னைக் கேட்டிருக்க வேண்டும், மச்சான்.

அன்று நீயும், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விற்க வந்தவர்களை இப்படித்தான் உட்கார வைத்தாய். உனக்கு விடை தெரிந்த கேள்விகளை மட்டும் இந்த நோட்டில் எழுதிவைத்துக் கேட்டாய். "தெரியாதத கேட்டா, அது சொல்றது சரியான்னு எனக்கு எப்பிட்றா தெரியும்?" என்றாய். மூன்றாவது கேள்வி, ரத்தாகிப்போன ஒரு சுற்றறிக்கை பற்றியது. ஒரு சேவை மட்டும் அது இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டியது. நீ போன் பேச வெளியே போனாய். அதற்குள் நான் அந்தச் சேவைக்காரரிடமே விலை பேசி, பாதியாக இறக்கி, கையும் குலுக்கிவிட்டேன்.

"இன்னா மச்சான், எனக்குப் பாத்த பொண்ணுக்கு நீயே தாலி கட்டிட்டியா?" என்று சிரித்தாய். பிறகு மெதுவாக, "வாக்கு குடுத்துட்ட. வுடு, சமாளிச்சுக்கலாம்" என்றாய்.

சமாளிக்க முடியவில்லை. அப்படி ரத்தான இன்னொன்றை நம்பி உன் ஆபீஸிலிருந்து வரித்துறைக்கு ஒரு பதில் போய்விட்டது. அச்சரப்பாக்கத்து எண்ணெய் மில்காரருக்கு நோட்டீஸ் வந்தது. "இவ்ளோ வருசமா ஒன்ன நம்பிகினு இருந்தேனேய்யா!" என்று உன் மேசைமேல் ஓங்கி அடித்தார். "தப்பு என்னுதுதான்" என்றாய். பக்கத்து நாற்காலியில்தான் நான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அவர் தன் ஃபைல்களை அள்ளிக்கொண்டு போனார். கடைசிவரை நீ என் பெயரை எடுக்கவே இல்லை.

இன்று முதலில் வந்தவரிடம் நோட்டிலிருந்த அந்த மூன்றாவது கேள்வியைத்தான் கேட்கச் சொன்னேன். அவருடைய சேவை 'ரத்து' என்று சிவப்பில் காட்டியது. "விலையப் பேசிக்கலாம் சார்" என்று அவரே என் பக்கம் திரும்பினார். நான் உன் மகளைக் கைகாட்டினேன்.

அவர் போனதும் உன் மகளிடம் சொன்னேன்: "அந்த மில்காரர் விசயத்துல தப்பு உங்கப்பாவுது இல்லம்மா. என்னுது."

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அந்தச் சேவையின் பெயருக்கு நேரே 'வேண்டாம்' என்று எழுதி, பிறகு அதை அடித்திருந்தாய். கீழே உன் கோணல் எழுத்தில், 'மச்சான் பேசி முடிச்சிட்டான்.'

"இத எப்பவோ படிச்சிட்டேன் மாமா. நீங்களே சொல்றீங்களான்னுதான் பாத்தேன்."

உன் மகள்தான். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். அந்த மில்காரர் எதிரில் திறக்காத வாயைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.