ஒன்பதாம் தகவலைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
வெர்னா ஸ்டோர்லி,
நான்காம் வகுப்பு ஆசிரியை (ஓய்வு),
214, காட்டன்வுட் தெரு,
டன்லோ, மொன்டானா.

பெறுநர்:
திரு. நோரிஸ் கில்பர்ட்சன் அவர்கள்,
கண்காணிப்பாளர்,
கார்வர் முகடு மாநிலப் பூங்கா.

பொருள்: பூங்கா வாசலில் உள்ள ‘நம் மாநிலம்: தெரியுமா உங்களுக்கு?’ என்னும் பலகையிலும், சிறுவர் பயிற்சி ஏட்டிலும் ஒன்பதாம் தகவல் பிழையாக உள்ளது – திருத்தம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

1. நான் டன்லோ தொடக்கப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் நான்காம் வகுப்பு எடுத்தவள். மாநிலச் சின்னங்கள் நான்காம் வகுப்புப் பாடம் என்பது தாங்கள் அறிந்ததே. பறவை, புல்வெளி வானம்பாடி. மரம், பாண்டெரோசா பைன். விலங்கு, சாம்பல் கரடி. மலர், கசப்புவேர்ப் பூ. இவ்வூரில் பாதிப் பேர் இதை என் முன்னால் கைகட்டி நின்று ஒப்பித்தவர்கள். ஆகவே பிழையைக் கண்டால் என்னால் வாயை மூடிக்கொண்டு போக முடிவதில்லை. தொழில் தந்த வியாதி என்று பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. பலகையின் மூன்றாம் தகவலில், கசப்புவேர்ப் பூ 1894இல் மாநில மலரானதாகக் குறித்துள்ளீர்கள். 1895 என்பதே சரி. இதற்காக மட்டும் நான் மனு எழுதியிருக்க மாட்டேன். வர்ணம் பூச ஆள் வரும்போது இதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

3. ஒன்பதாம் தகவல் பின்வருமாறு உள்ளது: ‘நான்கு ஆண்டுகளுக்கு முன், பூங்கா விதி தெரியாத ஒருவர் மாநில மலரைப் பறிக்க வேலியைத் தாண்டிச் சென்று, தொண்ணூறு அடி கீழே விழுந்து உயிரிழந்தார். நீங்களும் அவரைப் போல் ஆகாதீர்கள்!’ முடிவில் ஓர் ஆச்சரியக்குறி. பக்கத்தில், தலைகுப்புற விழும் தொப்பிக்காரர் ஒருவரின் கேலிப்படம். அந்த ‘ஒருவர்’ பெயர் டேரின் ஸ்டோர்லி. மின்கம்பம் ஏறும் பணியாளர். இறந்தபோது வயது முப்பத்தாறு. என் ஒரே மகன்.

4. பலகை சென்ற மாதம்தான் வைக்கப்பட்டது. ஜூன் 16 அன்று, வழக்கம்போல் அதற்கு எதிரே உள்ள பெஞ்சில் அமர்ந்திருந்தேன். பக்கத்து மாநிலமான ஐடஹோவின் எண் கொண்ட வண்டியில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, கையில் தங்கள் பயிற்சி ஏட்டுடன் பலகையை உரக்கப் படித்தாள். ஒன்பதாம் தகவலுக்கு வந்ததும் அவள் தந்தை சிரித்துவிட்டு, “ஒரு பூவுக்காகவா உசுர விட்டான்? சுத்த மடப்பய!” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பலகை அப்படித்தான் சிரிக்கச் சொல்கிறது.

ஏட்டில் ‘அவர் செய்த தவறு என்ன?’ என்ற கேள்விக்கு அந்தக் குழந்தை, ‘அவருக்கு விதி தெரியாது’ என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். நுழைவுச்சீட்டுச் சாளரத்தில் இருந்த தங்கள் ஊழியர் செல்வி ஷெல்பி, “கரெக்ட்டுடா கண்ணு!” என்று முத்திரை குத்தி, ஏட்டை முடித்ததற்கான பேட்ஜை அவள் சட்டையில் மாட்டிவிட்டார். நல்ல பெண் ஷெல்பி. அவள் மேல் எந்த நடவடிக்கையும் எடுத்துவிடாதீர்கள்.

5. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய், “அவனுக்கு விதி தெரியும்மா. நாலாங் கிளாஸ்ல நூத்துக்கு நூறு வாங்கினவன்” என்றேன். குழந்தை திரும்பிப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டாள். “டீச்சர்” என்றேன். ஐயா, அவனுடைய அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் விடவில்லை. “தெரிஞ்சும் ஏன் போனாரு?” என்றாள். அதற்குள் அவள் தந்தை வந்து கையைப் பிடித்து அழைத்துச் சென்றுவிட்டார்.

6. ஆண்டுதோறும் ஜூன் இரண்டாம் வாரம் நானும் டேரினும் முகட்டுக்கு ஏறுவது வழக்கம். அவனுக்கு ஆறு வயதில் தொடங்கியது. கசப்புவேர்ப் பூவைப் பறிக்க அல்ல, பார்க்க. இலையெல்லாம் வாடிய பிறகு, சரளைக்கல் நடுவில் தரையோடு தரையாக அது இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடப்பது தாங்கள் தினமும் பார்ப்பதுதான். அவன் இறந்த ஆண்டு மார்ச்சில் வாசற்படிப் பனிக்கட்டியில் வழுக்கி என் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கம்பூன்றி அடுப்படிவரை போவதே பெரும்பாடு.

அடுத்துச் சொல்லப்போவதற்கு எண் போட எனக்கு மனம் வரவில்லை. பாராவாகவே படிக்க வேண்டுகிறேன்.

அந்த ஜூன் இரண்டாம் வார ஞாயிற்றுக்கிழமை காலை டேரின் வந்து காபி குடித்தான். “நீ படுத்திரும்மா, நான் போய் போன்ல படம் புடிச்சிட்டு வந்துடறேன்” என்றான். நான்தான், “படத்த வெச்சு என்ன பண்றது? ஒண்ணே ஒண்ணு வேரோட எடுத்துட்டு வா. தொட்டில வெச்சு ஜன்னல்ல வெச்சுக்கறேன்” என்றேன். அவனுக்குச் சிரிப்பு தாளவில்லை. “யாரு பேசறது? ஊர்ப் புள்ளைங்க காதுல எல்லாம் பறிக்காதே பறிக்காதேன்னு ஓதின டீச்சரம்மாவா?” என்றான். “போடா. ஒண்ணு போனா மல ஒண்ணும் கொறஞ்சிடாது” என்றேன்.

வகுப்பில் எந்தக் குழந்தையாவது இதே வார்த்தையைச் சொன்னால், அந்த ‘ஒன்று’ என்பதைக் கரும்பலகையில் எழுதவைத்து, வகுப்பில் எத்தனை பேரோ அத்தனையால் பெருக்கச் சொல்வேன். டேரினும் ஒருமுறை பெருக்கியிருக்கிறான். எல்லாம் தெரிந்தே அவனை அனுப்பினேன். கதவைச் சாத்தும்போதுகூட, “வேர் அறுந்துடாம, பாத்து எடு” என்றுதான் சொன்னேன். நீ பார்த்துப் போ என்று சொல்லவில்லை.

பூவைக் கிள்ள ஒரு நொடி போதும். வேரோடு எடுக்கக் குனிந்து, மண்டியிட்டு, கத்தியால் சரளையைக் கிளற வேண்டும். அவன் விழுந்த இடத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள்.

அன்று மாலை ஷெரீப்பின் காவல் அலுவலகத்திலிருந்து வந்தவர் என் பழைய மாணவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “டேரின் எதுக்கு அந்தப் பக்கம் போனான்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா டீச்சர்?” என்று கேட்டார். “தெரியாதுப்பா” என்றேன். பாவம், அவர் ‘விதி அறியாமல் சென்றிருக்கலாம்’ என்று அறிக்கையில் எழுதினார். அந்த ‘இருக்கலாம்’ தங்கள் பலகைக்கு வருவதற்குள் உதிர்ந்துவிட்டது. பலகையில் உள்ள பொய்க்கு வித்திட்டது நான். நான்கு ஆண்டுகளாக இந்த ஊர் என் மகனை விவரம் தெரியாதவன் என்று பேசியது. நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

7. இன்னும் ஒன்று. அதே பலகையில் எட்டாம் தகவல், நம் மாநிலப் புதைபடிவமான மையசோராவைப் பற்றியது. குஞ்சுகளைக் கூட்டில் வைத்துக் காத்த டைனோசர் என்பதால் அதற்கு ‘நல்ல தாய்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். இதை முப்பத்தோரு தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்கு நேர் கீழேதான் என் மகன் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறான். இதில் தங்கள் தவறு ஏதுமில்லை. வரிசைப்படி அப்படி அமைந்துவிட்டது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்து வருகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரிவிக்க விரும்பினேன்.

8. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்:

(அ) ஒன்பதாம் தகவலை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைப் படித்து ஒரு குழந்தை வேலிக்கு இப்பால் நின்றால் நல்லதுதான். ‘விதி தெரியாத ஒருவர்’ என்பதை எடுத்துவிட்டு, ‘விதி நன்கு தெரிந்த ஒருவர், தம் தாய் கேட்டதற்காக’ என்று எழுத வேண்டும். என் பெயரைப் போடுவதானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆச்சரியக்குறி வேண்டாம்.

(ஆ) கேலிப்படத்தை உடனே அழிக்க வேண்டும். டேரின் தொப்பியே போடமாட்டான். வெயிலில் போடு போடு என்று எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டான்.

(இ) பூங்காவில் செடி பறிக்கத் தூண்டியவருக்கு விதிப்படி என்ன தண்டனையோ, அதை எனக்கு விதிக்க வேண்டும். தண்டனைக்குப் பயந்து நான் மறைக்கவில்லை. ஊர் முகத்தைப் பார்க்கப் பயந்து மறைத்தேன்.

(ஈ) ஷெரீப் அலுவலகத்தார் டேரினின் பொருட்களை ஓர் உறையில் வைத்துத் தந்தார்கள். சாவி, கத்தி, உடைந்த போன். அதோடு, சட்டைப் பையில் இருந்த கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று. அதில் ஒரு கசப்புவேர்ச் செடி இருந்தது. பூ உதிர்ந்துவிட்டிருந்தது. வேர் ஓரிடத்திலும் அறுபடவில்லை. நான் சொன்னபடியே எடுத்திருக்கிறான். இது பூங்காவுக்குச் சொந்தமானது என்பதால் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இந்த வேர் காய்ந்து ஓராண்டுக்கு மேலானாலும் மண்ணில் வைத்தால் துளிர்க்கும் என்று வகுப்பில் சொல்வேன். குழந்தைகள் ஆவென்று கேட்பார்கள். நான்கு ஆண்டு தாங்குமா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. தொட்டியும் மண்ணும் ஜன்னலில் தயாராகவே இருக்கின்றன. நடத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை, ஐயா. நான் வைத்து அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன்? வேலிக்கு இப்பால், குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்துத் தங்கள் ஆட்களைக் கொண்டு நட்டுவைக்க வேண்டும்.

துளிர்த்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். துளிர்க்காவிட்டால் எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

நாள்: 2 ஜூலை 2023
இடம்: டன்லோ

இங்ஙனம்,
(கையொப்பம்)
வெர்னா ஸ்டோர்லி,
டேரினின் அம்மா.

இணைப்பு: கைக்குட்டையில் சுற்றிய வேர் – ஒன்று. (கைக்குட்டையை மட்டும் திருப்பி அனுப்பவும்.)