சிலேட்டில் விழுந்த புள்ளிகள்

காளயுக்தி வருடம், கார்த்திகை 3. திருமுல்லைவாயில்.

விஷக் காய்ச்சலுக்காக மூடிய பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா என்று கேட்க, நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்திருக்கும் புது வாத்தியார் காலையில் வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் எப்படித் தாவுகிறதென்று எனக்கும் தெரியாது. மூச்சில்தான் என்கிறார்கள். சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. துடைத்த சிலேட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "எட்டாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றேன். மெதுவாகச் சொன்னபோது ஒன்றும் விழவில்லை. பிறகு பிள்ளைகளைப் போலக் கத்தினார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாக ஈரப் புள்ளிகள்!

"மரத்தடியில தள்ளித் தள்ளி உக்கார வைங்க. கத்தவேணாம், எழுதட்டும்" என்றேன்.

"சத்தம் கேக்கலன்னா வாத்தியார் தூங்குறாருன்னு ஊரே சொல்லுமே, ஐயா!"

அதுவும் உண்மைதான். இந்த ஊரில் பிள்ளைகள் போடும் சத்தத்தை வைத்துத்தான் வாத்தியாரை எடைபோடுவார்கள்.

பக்கத்து வீட்டு முனியம்மா வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூத்த மகனை இந்தக் காய்ச்சலில் பறிகொடுத்தவள்.

"தூங்குனா தூங்கட்டும், பெரிய வாத்தியாரே. எனக்குச் சின்னவன் ஒருத்தன்தான் மிச்சம் கீறான். நீ உன் பேரன அனுப்புவியா? அத்த சொல்லு. அனுப்புனா நானும் அனுப்புறேன்."

அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிப் போய்விட்டாள்.

கத்தாவிட்டால் புள்ளி விழவில்லை, சரி. இருமினால்? பிள்ளைகள் கூடினால் சிரிக்காமல் இருப்பார்களா? அதை நாங்கள் சோதிக்கவே இல்லை. பேரனை அனுப்பப்போவதாக மருமகளிடமும் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.