ஒலிபெருக்கியில் சொன்ன பெயர்

வியாழக்கிழமை, இரவு

உடையார்பாளையம் பக்கத்து ஊரில் இன்று மகளிர் குழுக் கூட்டம். குடும்ப வன்முறை பற்றி நான்தான் பேசினேன். பெண்கள் உதவி எண் 181-ஐக் கைபேசியில் வேறு பெயரில் பதியச் சொன்னேன். "முந்திரி ஏஜென்ட்னு போடுங்க. வீட்டுல யாருக்கும் சந்தேகம் வராது." இருபது பேரும் சிரித்துக்கொண்டே பதிந்தார்கள்.

முடிந்ததும் செல்வி அக்கா என்னை ஓரமாக அழைத்தார். போன மாதம் கையில் கட்டோடு வந்தவர்.

"ஏம்மா, நீ மைக்குல பேசுனது கோயில் குழாயில ஊருக்கே கேட்டுச்சே. எங்க வூட்டுக்காரரு டீக்கடையிலதான் உக்காந்திருந்தாரு."

இந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்கும் மைக்கைக் கோயில் ஒலிபெருக்கியோடுதான் இணைப்பார்களாம். நான் முன்பே விசாரிக்கவே இல்லை.

அவர் கைபேசியை நீட்டினார். "தெனம் ராத்திரி இத நோண்டிப் பாப்பாரு. நீயே அழிச்சுடு."

அழித்தேன்.

"மூணு நம்பர்தானே, மனசுல வச்சிக்கிறேன்." சொல்லிக் காட்டினார். முதல் முறை சரி. இரண்டாம் முறை கடைசி எண் மாறியது. திருத்தினேன். மூன்றாம் முறை சொல்லும்போது பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் சொன்னது காதில் விழவில்லை. தலையாட்டிவிட்டு ஏறிவிட்டேன்.

இப்போது அழைக்க முடியாது. கைபேசி அவர் கணவர் கையில் இருக்கும்.

நாளை முதல் பஸ்ஸிலேயே போக வேண்டும். மற்ற பத்தொன்பது பேரும் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு ஆண்களும் அதே டீக்கடைக்குத்தான் போவார்கள்.