பன்னிரண்டாம் எண்

தம்பிக்கு,

எங்கள் தையல் பிரிவில் பன்னிரண்டு பேர். வாரம் ஒருவருக்கு ஊருக்குப் போக விடுப்பு. யாருக்கென்று நீ எழுதிக் கொடுத்த பைத்தான் நிரல்தான் குலுக்கிச் சொல்கிறது. ஏழு மாதமாக என் எண் வரவில்லை. கேட்டால், "கம்ப்யூட்டருக்கு அக்கா, தங்கச்சி தெரியாதுக்கா, உன் ராசி அப்படி" என்று சிரித்தாய்.

நேற்று நானே திறந்து பார்த்தேன். எண்களை ஒவ்வொன்றாகக் குலுக்கலில் போடும் 'ஐ' என்ற மாறி, ஒன்றில் தொடங்கிப் பதினொன்றில் நின்றுவிடுகிறது. 'ரேஞ்ச் ஒன்று, பன்னிரண்டு' என்று எழுதினால் கடைசி எண் சேராது என்பது பைத்தானில் முதல் வாரப் பாடமாமே. பன்னிரண்டு நான்.

இதற்குப் பெயர் ராசியா?

உன் வீட்டில் வளரும் என் மகள், உன் பிள்ளைகளைப் பார்த்துப் போனில் என்னை "அத்தை" என்கிறாள்.

இனிக் குலுக்கலுக்குக் காத்திருக்க மாட்டேன். சனிக்கிழமை வருகிறேன். மேலாளரிடம் காரணத்தை நீயே சொல்.

உன் அக்கா,
அவளுடைய அம்மா